பிறந்த மூன்றாம் நாளிற் செய்யத்தக்கது

(திண்டுக்கல்லிற் கூடிய நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் எம்மை ஏற்றிக் குறளைப் பற்றியோ கம்பநாடரைப் பற்றியோ பேசுமாறு பணிப்பது நம் சங்கத்தார் வழக்கம். இவ்வாண்டு யாமே செயலாளரை அணுகி, பச்சிளங் குழந்தைகட்கு வரும் உட்சுரப்பு நோய்களைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேம். அவர் வியந்து, "தமிழ்ப் பண்டிதருக்கும் பிணிக்கும் என்ன தொடர்பு, ஐயா?" என்றார். தொடர்பு உண்டு. அது பெருமைக்குரிய தொடர்பன்று. எம் பிழையினால் விளைந்தது. அதனை முதற்கண் கூறிப் பின்னர்ப் பொருளிற் புகுவேம். யாம் மருத்துவர் அல்லேம். நூல்களிற் கற்றும் மருத்துவரைக் கேட்டுத் தெளிந்தும் அறிந்தவற்றையே ஈண்டுச் சொல்கின்றேம்.

எம் வகுப்பிலிருந்த சிறுவன்

இற்றைக்குப் பதினெட்டாண்டுகட்கு முன்னர் எம் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வளர்த்தியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை போன்றிருப்பான். முகம் சற்றே தடித்தும், குரல் கரகரத்தும், எப்பொழுதும் உறக்க மயக்கத்தோடும் கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பான். ஒரு செய்யுளை ஒரு திங்கள் முழுதும் ஓதுவித்தாலும் அடுத்த திங்களில் அஃது அவனிடம் இராது. யாம் அவனை 'மந்தன்' என்று அழைத்தேம். பலகைமேல் ஏற்றி நிறுத்தினேம். மற்றப் பிள்ளைகள் நகைக்கக் கண்டும் வாளா இருந்தேம். அவன் எம்மை வெறுத்தவன் அல்லன். பெயர் சொல்லி அழைத்தவுடன் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பான். அச்சிரிப்பே இன்றளவும் எம்மை வருத்துவது.

அவ்வாண்டின் இறுதியிற் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க வந்த மருத்துவ அம்மையார் ஒருவர், அவனைக் கண்டவுடன் அருகழைத்து நாவையும் தோலையும் கழுத்தையும் பார்த்தார். இரத்தத்தைச் சோதிக்குமாறு எழுதிக்கொடுத்தார். தைராய்டு என்னும் சுரப்பி பிறவியிலேயே அவனுக்குச் செவ்வனே அமையவில்லை என்பது அதனால் விளங்கிற்று. மாத்திரை தொடங்கினர். சில திங்களில் முகத்தின் தடிப்பு வடிந்தது, வளர்த்தி கூடிற்று, உறக்கம் அகன்றது. கல்வி மட்டும் ஒத்த பிள்ளைகளின் நிலைக்கு வந்திலது. பிறந்த சில நாட்களிற் கிடைத்திருக்கவேண்டிய மருந்து பதினோராண்டு தாழ்த்து வந்தது. மூளை தான் வளரும் பருவத்தில் இழந்ததைப் பின்னர் மீட்டுக்கொள்ள இயலவில்லை.

அவன் தாய் ஒரு நாள் பள்ளி வாயிலில் எம்மை நிறுத்தி, "வாத்தியாரய்யா! பிறந்தவுடனே இது தெரிந்திருந்தால் என் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலப் படித்திருப்பானா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை; இல்லை என்று பொய் புகல மனமும் இசையவில்லை. பிள்ளையுண்டாயிருந்த காலத்துக் கிரகண நாளில் வெளியே வந்தாள் என்று அவ்வம்மையாரைப் பதினோராண்டு பழித்த வீட்டில் அவர் வாழ்ந்தார் என்பதையும் அன்றுதான் அறிந்தேம். அன்று நாம் தர இயலாத விடையே இன்றைய பேச்சு எனக் கொள்க.

பூட்டும் திறவுகோலும்

நம் உடம்பிற் சில சுரப்பிகள், தாம் சுரக்கும் நீரைக் குழாய் எதுவுமின்றி நேரே குருதியிற் கலக்கின்றன. அந்நீரை ஹார்மோன் என்பர். கிரேக்க மொழியில் 'தூண்டுவது' என்னும் பொருள்படும் சொல்லினின்று 1905-ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் அப்பெயரை வழங்கினார். இதன் தொழிலைத் திண்டுக்கல்லார்க்கு விளக்குதல் எளிது. மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர்பெற்றதும், 2019-இல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றதுமான ஊர் அன்றோ நம் ஊர்? உடம்பின் அணுக்கள்தோறும் ஒரு பூட்டு உண்டு. ஹார்மோன் அதன் திறவுகோல். உரிய கோல் வந்து திறந்தாலன்றி அவ்வணு தன் தொழிலைத் தொடங்காது.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைராய்டு. அது சுரக்கும் நீர் உடம்பின் வெப்பத்தையும், உண்ட உணவு ஆற்றலாக மாறும் விரைவையும், எலும்பின் வளர்ச்சியையும் ஆள்கின்றது. பெரியோருக்கு இது குன்றின் சோர்வும் பருமனும் உண்டாகும்; மருந்து தந்தால் மீள்வர். 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மரே என்பார், இந்நோயுற்ற ஓர் அம்மையாருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். அவ்வம்மையார் பின்னும் இருபத்தெட்டாண்டு வாழ்ந்தார். குழந்தையின் நிலையோ வேறு. பிறந்தது முதல் இரண்டு மூன்றாண்டுக் காலம் மூளை வளர்வதற்கு இந்நீர் இன்றியமையாதது. அக்காலத்து வாயில் திறவாதொழியின், பின்னர் எத்துணைத் திறவுகோல் கொண்டுவரினும் பயன் சிறிதே.

இதிலே ஒரு வஞ்சம் உண்டு. தாயின் சுரப்பு நீர் கருவிலே ஓரளவு குழந்தைக்குச் செல்லுதலின், இக்குறையுள்ள குழந்தைகளிற் பெரும்பாலார் பிறக்கும்பொழுது மற்றக் குழந்தைகளைப் போன்றே தோன்றுவர். பின்னர்ச் சிறிது சிறிதாக அடையாளம் காட்டும். மஞ்சட்காமாலை நெடுநாள் தங்கும், மலம் கட்டும், தொப்புள் பிதுங்கும், நா தடிக்கும், பால் குடிப்பதிலும் விருப்பங் குன்றும். குழந்தை அழாது, மிகுதியாக உறங்கும். நம் பாட்டிமார் அதனைக் கண்டு, "எவ்வளவு சமர்த்துப் பிள்ளை! அழுகையே இல்லை" என்று நெட்டி முறித்து மகிழ்வர். அந்தச் சமர்த்து சில வேளை நோயாக இருக்கக்கூடும் என்பதை யார் அறிவார்? கண் அறியாததைக் குருதிதான் அறிவிக்கும்.

ஒரு துளிக் குருதி

குருதித் துளி பேசத் தொடங்கிய வரலாறும் ஒரு தாயின் கேள்வியிலேதான் பிறந்தது. நார்வே நாட்டில் எகலண்டு என்னும் அம்மையாருக்கு இரு பிள்ளைகள். இருவரும் அறிவு வளர்ச்சி குன்றியவர். அவர்தம் சிறுநீரில் ஒரு வேறுபட்ட நாற்றம் வீசுவதை உணர்ந்த தாய், காரணம் என்னவென்று மருத்துவர் பலரைக் கேட்டு அலைந்தார். 1934-ஆம் ஆண்டில் ஃபோலிங் என்னும் மருத்துவர் அதற்குச் செவிசாய்த்து ஆராய்ந்து, உணவிலுள்ள புரதத்தின் ஒரு கூற்றை உடம்பு செரித்து மாற்ற இயலாமையே நோய் எனக் கண்டார். அதுவே பீனைல்கீட்டோனூரியா எனப்படுவது. அப்பிள்ளைகட்குக் காலம் கடந்துவிட்டது. ஆயினும், பிறந்தவுடன் அறிந்து உணவை மாற்றினால் அறிவு கெடாது என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலைச் சிறிதே குத்தி எடுத்த குருதித் துளியைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் எளிய முறையை வகுத்தார். 1970-களிற் கனடா நாட்டுக் கியூபெக்கில் டுஸ்ஸோ என்பார், அவ்வாறு உலர்ந்த துளியிலேயே தைராய்டுக் குறையையும் காணும் வழி கண்டார். அதன் பயனாகப் பல நாடுகளிற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இச்சோதனை பெறுகின்றது.

நம் நாட்டின் நிலை யாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் சென்னை, மும்பை, தில்லி, கல்கத்தா, ஐதராபாத்து ஆகிய ஐந்து நகரங்களில் ஓரிலக்கத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைச் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டுக் குறை உண்டென்பது அதனாற் புலப்பட்டது. தென்னாட்டிலோ 727 குழந்தைகளில் ஒன்று. எழுநூறு பிள்ளைகள் பயிலும் பள்ளிதோறும் ஏறத்தாழ ஒருவர் எனக் கணக்கிட்டுக் கொள்க. எம் வகுப்பிலிருந்த சிறுவன் ஏதோ தெய்வக் குற்றத்தால் வந்தவன் அல்லன்; கணக்கில் அடங்கியவன்.

அவ்வாராய்ச்சி மற்றொரு நோயையும் தேடிற்று. சிறுநீரகத்தின் மேலே அமர்ந்த அட்ரினல் என்னும் சுரப்பியில், ஹார்மோனை ஆக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைதலால் வருவது அது. அதன் கடிய வகையில் உடம்பு உப்பைத் தேக்கிவைக்க இயலாது இழந்துவிடும். இரண்டாம் மூன்றாம் வாரத்திற் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு, சிகிச்சையின்றேல் இறக்கும். பெண் குழந்தையாயின் பிறப்புறுப்பு வேறுபட்டுத் தோன்றுதலால் மருத்துவர் ஐயுறுவர். ஆண் குழந்தையிடத்து அவ்வடையாளமும் இராது. இந்நோய் ஐந்நகரத்தும் சேர்த்து 5,762 குழந்தைகளில் ஒன்றுக்கும், எங்கும் இல்லாத மிகுதியாகச் சென்னையில் 2,036-இல் ஒன்றுக்கும் காணப்பட்டது. நம் வீடுகளிலே, 'இருபது நாளில் ஒரு தலைச்சன் தவறிப்போயிற்று; என்னவென்றே தெரியவில்லை' என்னும் பேச்சு எத்துணை முறை கேட்டிருக்கின்றோம்! அவற்றுள் எத்தனை இந்நோயால் நேர்ந்தவை என்று இனி யாரும் சொல்ல இயலாது. இனிப் பிறக்கும் குழந்தையைக் காத்தல் மட்டும் இயலும்.

இரு நோய்க்கும் மருந்து உண்டு. தைராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு ஒருமுறை பொடித்துத் தாய்ப்பாலிற் கலந்து புகட்டவேண்டும். அதன் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைக்கும் குறைவு. பிறந்து இரண்டு வாரத்துள் தொடங்கின், அக்குழந்தை மற்றக் குழந்தைகளோடு ஒப்பப் படித்து வளரும். அட்ரினல் நோய்க்கும் அன்றாட மருந்துகள் உண்டு, உயிரைக் காக்கும்.

இரண்டு சாவி

இனி, நம் சங்கத்தார் செவிக்குச் சற்றே கைப்பானதைக் கூறவேண்டும். பொறுத்தருள்க.

பிறவித் தைராய்டுக் குறை பெரும்பாலும் சுரப்பி கருவிலே சரியாக உருவாகாமையால் வருவது. குலவழி வருவது அதிற் சிறுபகுதியே. ஆதலின் அதற்குத் தாயைப் பழித்தலும் தகாது, மணவுறவைப் பழித்தலும் தகாது. அட்ரினல் நோயும், பீனைல்கீட்டோனூரியாவும், அவை போன்ற நூற்றுக்கணக்கான வளர்சிதை மாற்றக் குறைகளும் அவ்வாறல்ல. அவை பெற்றோர் இருவர் வழியும் வருவன.

நம் ஊர்ப் பூட்டுக்கு இரண்டு சாவி தருவர். ஒன்று முறிந்தாலும் மற்றொன்றால் திறக்கலாம். உடம்பின் ஒவ்வொரு தொழிலுக்கும் தந்தை ஒரு சாவியும் தாய் ஒரு சாவியும் தந்திருக்கின்றனர். ஒன்று முறிந்தவர்க்கு நோய் இல்லை; தமக்குள் முறிந்த சாவி உண்டென்பதே அவர் அறியார். நம்முள் ஒவ்வொருவரிடத்தும் அத்தகையன சில உண்டு. அதே சாவி முறிந்த இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு இரண்டுமே முறிந்தவையாக வாய்க்கும். ஒரு குழந்தை நோயோடு பிறந்துவிட்டது, இனி மூன்று நலமே என்று எண்ணுதல் பிழை. பேறுதோறும் கணக்குப் புதிது.

அயலார் இருவரிடத்து அதே சாவி முறிந்திருத்தல் அரிது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே பாட்டனாரின் பெட்டகத்திலிருந்து சாவி பெற்றவர். தாய்மாமனும் அக்காள் மகளும் அதனினும் நெருங்கியவர். 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்டிரில் நூற்றுக்கு 28 பேர் உறவுமுறையில் மணந்தவர். இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் நிகழ்ந்த பேராய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. பிறவிக்குறை பொதுவாக நூறு குழந்தைகளில் மூன்றுக்கு நேர, உடன்பிறந்தார் மக்களுக்குள் மணந்தோர் வழியே ஆறுக்கு நேர்ந்தது என்று அது கூறுகின்றது. தொண்ணூற்று நான்கு நலமே என்பதும் அதிலே அடங்கும். ஆதலின் உறவில் மணந்தவர் அஞ்சி நடுங்கவேண்டா. எமக்குத் தீங்கில்லை என்று அசட்டையாக இருக்கவும் வேண்டா.

இன்னும் ஒன்று. நெருங்கிய உறவில் மணவாவிடினும், ஒரு குலத்துள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தல் அதே விளைவைத் தரும். ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று ஆய்வு மையத்து அறிஞர் தங்கராஜும் அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக்கும் பிறரும் சேர்ந்து தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட குழுவினரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். அவருள் 81 குழுவினர் மிகச் சிலராகிய முன்னோரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்து வந்தவர் எனவும், அவற்றுள் 14 குழுக்கள் தனித்தனியே பத்திலக்கம் பேருக்கு மேற்பட்டவை எனவும் கண்டனர். தொகை பெரிதாதலால் குருதி பலவகைத்து என்று எண்ணியிருந்தோம், அது தவறு. எடுத்துக்காட்டாக, வைசியருட் சிலருக்கு அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் ஒருவகை மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும். முன்னரே அறிந்த மருத்துவர் வேறு மருந்து தருவர். இது எக்குலத்தையும் இழிப்பதன்று. எக்குலத்துக்கும் தன் தன் முறிந்த சாவி உண்டு. நம் குலத்துக்கு அது யாது என்பதை நாம் இன்னும் தேடவில்லை என்பதே வேறுபாடு.

தேடியவர் செய்ததையும் கேளுங்கள். யூதருள் அஷ்கெனாசி என்னும் பிரிவினருக்கு டே-சாக்ஸ் என்னும் நோய் மிகுதி. ஒரு நொதி இன்மையால் மூளையிற் கொழுப்புப் பொருள் தேங்கி, குழந்தை நான்கைந்து வயதில் இறக்கும். நியூயார்க்கு நகரத்துச் சமயகுரு ஜோசப் எக்ஸ்டைன் அந்நோய்க்குத் தம் மக்கள் நால்வரைக் கொடுத்தவர். அவர் 1983-இல் டோர் யெஷோரிம் என்னும் அமைப்பை நிறுவினார். இளைஞர் குருதி கொடுத்து ஓர் எண் மட்டும் பெறுவர். மணம் பேசுமுன் இருவர் எண்ணையும் தெரிவித்தால், பொருந்தும் பொருந்தாது என்னும் விடை மட்டும் வரும். எவரிடத்து யாது குறை என்று ஊர் அறியாது, எவர்க்கும் தலைகுனிவில்லை. அதுவும், 1970-களில் தொடங்கிய பிற சோதனைகளும் சேர்ந்து, அவருள் அந்நோயைப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற் குறைத்துவிட்டன. நாமோ பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். பதினோராவது பொருத்தம் ஒன்று உண்டென்று அவர் கண்டனர்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது: நம் குடும்பங்களிற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், பெற்றோர் உறவினராயினும் அயலாராயினும், இரண்டு மூன்று நாளுள் குதிகாற் குருதிச் சோதனை செய்வித்தல். கோவா மாநிலத்தார் 2008-இலேயே இதனை அரசு வழித் தொடங்கினர். கேரளத்து அரசு மருத்துவமனைகளிலும் செய்கின்றனர். நம் ஊரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றுள்ளது. தனியார் மருத்துவமனைகளும் பல. வேடசந்தூராயினும் நத்தமாயினும் நிலக்கோட்டையாயினும், பேறு பார்க்கச் செல்லுமிடத்தில் முன்னரே இதனைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேளாவிடின் நேராது, கேட்டால் வழி உண்டு. தலைப்பேறு தாய்வீட்டில் நிகழ்வது நம் வழக்கம். குழந்தைக்கு வெள்ளி அரைஞாணும் தொட்டிலும் கொண்டுவரும் தாய்மாமனார், சீர்வரிசையின் முதற் சீராக இச்சோதனைச் செலவை ஏற்பாராக! இயலாதார்க்குச் சங்க நிதியிலிருந்து அதனை அளிக்குமாறு செயற்குழுவை வேண்டுகின்றேம். ஆண்டு விருந்தில் ஓர் இனிப்பைக் குறைத்தாற் போதும்.

இரண்டாவது: மறைத்தலை விடுதல். காரணமறியாது இறந்த குழந்தைகள், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி மருத்துவரிடம் உள்ளவாறு சொல்லுதல். "மகளுக்கு வரன் அமையாது" என்று அஞ்சி நாம் மறைப்பதெல்லாம் பேரப்பிள்ளையின் தலையிற் சென்று விடிகின்றது.

மூன்றாவது: உறவில் மணம் பேசுவோர், அதுவும் வீட்டில் முன்னர் அத்தகைய இழப்பு நேர்ந்தோர், மணத்துக்கு முன் மரபியல் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல்.

நான்காவது: சங்கத்து மணப்பதிவேட்டைப் பற்றியது. சொத்து வெளியே போகாதென்று அக்காள் மகளையே கொள்ளும் வழக்கத்தை இச்சங்கம் இனிப் போற்றலாகாது. தொலைவிடத்தில் மணந்தோரையும், பிற குலத்தில் மணந்தோரையும் ஒதுக்கிவைக்கும் பேச்சும் ஒழியவேண்டும். இதனைச் சங்க மேடையிற் சொல்லலாமோ என்று சிலர் புருவம் நெரிப்பது காண்கின்றேம். சங்கம் நம் பிள்ளைகளின் நலத்துக்காகத் தோன்றியது. வேலி பயிருக்காக இட்டது. பயிர் வேலிக்காக நட்டதன்று.

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் நாடிச் செய்யுமாறு பணித்தார். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் பிள்ளைகட்கு ஓதுவித்த யாம், எம் முன் அமர்ந்திருந்த ஒருவனிடத்து அதனைச் செய்திலேம். அவனுக்கு இப்பொழுது இருபத்தொன்பது வயது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கின்றான். மாத்திரையை நாள்தோறும் தவறாது உண்கின்றான். எம்மைக் கண்டால் மூட்டையை இறக்கிவைத்து, "ஐயா" என்று அன்றுபோலவே சிரிக்கின்றான். அடுத்த திங்கள் நம்மவர் வீட்டிற் பிறக்கவிருக்கும் குழந்தைகட்கேனும் அம்மூன்றாம் நாள் தவறாதிருக்கட்டும்.